சொத்து வரி பில்லின் கீழ்ப்பாதி: கலிஃபோர்னியாவில் வீடு வைத்திருப்பவர்களுக்கு

கலிஃபோர்னியாவில் சொத்து வரி எவ்வளவு என்று யாரைக் கேட்டாலும், "வாங்கின விலையில் ஒரு சதவீதம், அதற்கு மேல் கொஞ்சம்" என்பார்கள். அந்தக் "கொஞ்சம்" என்ன என்பதைத்தான் பார்க்கப் போகிறோம். 10 லட்சம் டாலர் வீட்டுக்கு அடிப்படை வரி 10,000 டாலர். பில்லில் அதற்குக் கீழே இன்னொரு பட்டியல் ஓடும்: கொசு ஒழிப்பு, கழிவுநீர், பள்ளி, பூங்கா, தெருவிளக்கு. சிலது ஒரு காபி விலைகூட இருக்காது. புதிய குடியிருப்பாக இருந்தால் ஒரே ஒரு வரி மட்டும் ஆயிரக்கணக்கில் நிற்கும்.

இவற்றில் பெரும்பாலானவற்றை விதித்தது கவுண்டி (மாநிலத்துக்கு அடுத்த நிலை உள்ளூர் நிர்வாகம்) இல்லை. அது வசூலித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். விதிப்பவை டிஸ்ட்ரிக்ட் எனப்படும் சிறு அமைப்புகள். கலெக்டர் ஆபீஸ் இருக்கும் மாவட்டத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது தண்ணீர், தீயணைப்பு என்று ஏதோ ஒரு வேலைக்காக எல்லை போட்டுப் பிரித்த பகுதி. எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், ஒரே வீடு ஐந்தாறு டிஸ்ட்ரிக்டுக்குள் இருப்பது சாதாரணம்.

இந்தச் சிக்கலுக்கு 1978-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவு ஒரு முக்கியக் காரணம். அடிப்படை வரியை 1 சதவீதத்தில் நிறுத்தியது. வீடு கைமாறாத வரை, வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்றது. வீட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம், ஊர் நிர்வாகங்களுக்குத் திண்டாட்டம். புது நகர்ப்பகுதிக்குச் சாலையும் பள்ளியும் யார் காசில் கட்டுவது? 1982-இல் ஹென்றி மெல்லோ, மைக் ரூஸ் என்ற இரண்டு சட்டமன்ற உறுப்பினர்களின் பெயரால் வழி பிறந்தது: அந்தப் பகுதிச் சொத்துகள் மீதே டிஸ்ட்ரிக்ட் தனி வரி போட்டுக் கட்டிக்கொள்ளலாம் என்ற சட்டம். புதிய குடியிருப்பு பில்லில் ஆயிரக்கணக்கில் நிற்கும் என்றோமே, அது இந்த மெல்லோ-ரூஸ் வரிதான். நம்மவர்கள் நிறையப் பேர் வீடு வாங்கும் இர்வைன் நகரில் இது எல்லோர் வாயிலும் அடிபடும் பெயர்.

இந்த வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஆனால் அந்த இடத்தில் பதிவுபெற்ற வாக்காளர் 12 பேர்கூட இல்லை என்றால், நில உரிமையாளர்களே ஏக்கருக்கு ஒரு வாக்கு என்று போட்டுக்கொள்ளலாம். வெறும் நிலமாக இருக்கும்போது உரிமையாளர் யார்? பெரும்பாலும் வீடு கட்டி விற்கப்போகும் பில்டர்தான். அவர் வாக்களித்துவிட்டுப் போய்விடுவார், பின்னால் குடிவருபவர் கட்டுவார். சட்டப்படி குற்றமில்லை, ஆனால் வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். விற்பவர் இதற்கான அறிவிப்பை வாங்கித் தர முயல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கையெழுத்துக் கட்டுக்குள் இருபதோடு இருபத்தொன்றாக அந்தத் தாள் வரும். அதில் இரண்டு விஷயம் பாருங்கள்: ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏறும், எந்த ஆண்டோடு முடியும். சாலை, பள்ளி போன்ற கட்டுமானத்துக்கான வரி என்றால், குடியிருப்பு வீடுகளுக்கு ஏற்றம் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, முடிவு ஆண்டும் இருக்க வேண்டும். பராமரிப்புச் சேவைக்கான வரிக்கு முடிவே இல்லாமலும் இருக்கலாம்.

இன்னொன்று: இது வீட்டின் மதிப்பைப் பார்த்துப் போடும் வரி இல்லை, சதுர அடி, மனை அளவு போன்ற கணக்கு. வீட்டு விலை விழுந்தாலும் இது இறங்காது.

அடுத்த வகை, தெருவிளக்கு, பூங்கா போன்றவற்றால் சொத்துக்குக் கிடைக்கும் பயனுக்கு ஈடாகப் போடும் அசெஸ்மென்ட். 1996-இல் நிறைவேறிய 218-ஆம் முன்மொழிவு இதற்குக் கடிவாளம் போட்டது. பொறியாளர் அறிக்கை வேண்டும், பொதுவான பயனையும் அந்தச் சொத்துக்கான தனிப் பயனையும் பிரித்துக் காட்ட வேண்டும், உரிமையாளர்களுக்குத் தபாலில் வாக்குச்சீட்டு போக வேண்டும். அதிகம் கட்டுபவரின் வாக்குக்கு எடை அதிகம். எதிர்ப்பின் எடை கூடினால் விதிக்க முடியாது. சான்டா கிளாரா கவுண்டியில் திறந்தவெளி நிலங்களைக் காக்க வீட்டுக்கு 20 டாலர் போட்டார்கள். தனிப் பயனைச் சரியாகக் காட்டவில்லை என்று 2008-இல் மாநில உச்ச நீதிமன்றமே அதைத் தள்ளியது. வெறும் 20 டாலர்!

மூன்றாவது, தண்ணீர், கழிவுநீர், குப்பைக் கட்டணம். சேவைக்கு ஆகும் செலவுக்கு மேல் வாங்கக் கூடாது. உயர்த்துவதற்கு முன் தபாலில் அறிவிப்பு அனுப்பி, 45 நாளாவது கழித்துத்தான் பொது விசாரணை நடத்தலாம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அசெஸ்மென்டில் திரும்பி வந்த சீட்டுகளை மட்டும் எண்ணுவார்கள். இந்தக் கட்டணங்களில் அப்படி இல்லை: பாதிக்கு மேற்பட்ட சொத்துகளிலிருந்து எழுத்தில் எதிர்ப்பு வந்தால்தான் உயர்வு நிற்கும். பேசாமல் இருந்தால் சம்மதம் என்றே கணக்கு. அந்த உறையோ விளம்பரத் தபால் போலவே இருக்கும், பாதிப் பேர் பிரிக்காமலே குப்பையில் போட்டுவிடுவார்கள்.

சரி, வசூல். டிஸ்ட்ரிக்டுகள் கோடையில் தங்கள் தொகைகளைக் கவுண்டிக்கு அனுப்பும்; எல்லாம் ஒரே பில்லாக வரும். முதல் தவணைக்கு டிசம்பர் 10, இரண்டாவதுக்கு ஏப்ரல் 10 கடைசி. தாண்டினால் 10 சதவீத அபராதம். ஜூன் 30-க்குப் பிறகும் பாக்கி நின்றால் மாதம் 1.5 சதவீதம் ஏறும். சாதாரணமாக, குடியிருக்கும் வீட்டை வரி பாக்கிக்காகக் கவுண்டி விற்க ஐந்து ஆண்டு ஆகும். மெல்லோ-ரூஸ் பாக்கிக்கு அந்தப் பொறுமை கிடையாது. கட்டுமானத்துக்காகக் கடன் பத்திரம் வெளியிட்ட டிஸ்ட்ரிக்ட் அதற்கு வெகு முன்பே நீதிமன்றம் போகலாம். ஒரு கட்டணத்தில் தகராறு என்று அதை மட்டும் கழித்துவிட்டுக் கட்டவும் வேண்டாம். முழுசாகக் கட்டிவிட்டு, பில்லில் அந்தக் கட்டணத்துக்கு நேரே இருக்கும் எண்ணில் கேளுங்கள். கவுண்டி அலுவலகத்தில் கேட்டால் அதே எண்ணைத்தான் தருவார்கள்.

பெற்றோர் பெயரில் வீடு இருந்தால் அப்படிப் பேசும்போதே இதையும் கேட்டுவிடலாம்: பள்ளி டிஸ்ட்ரிக்டுகள் வீட்டின் மதிப்பைப் பார்க்காமல் சொத்துக்கு இவ்வளவு என்று போடும் பார்சல் வரியில் பல இடங்களில் 65 வயதானவர்களுக்கு விலக்கு உண்டு. தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும்; சில டிஸ்ட்ரிக்டுகளில் ஆண்டுதோறும்.