ஓப்பனிங்கை விடுங்கள், தோற்ற ஆட்டத்தைக் கொண்டு வாருங்கள்

"சார், பையனுக்கு ஓப்பனிங் கொஞ்சம் வீக். புதுசா ஏதாவது சொல்லிக் கொடுங்க."

செஸ் பயிற்சியாளராக இருப்பவர்கள் இதைக் கேட்காத வாரமே கிடையாது. ஓப்பனிங் என்றால் ஆட்டத்தின் ஆரம்ப மூவ்கள். போன வாரமும் ஒரு அப்பா வந்தார். பையன் வயதுப் பிரிவுப் போட்டியில் தொடர்ந்து தோற்கிறானாம். மூவ்களை எழுதிவைக்கும் ஸ்கோர்ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். சிசிலியன் நைடார்ஃப் என்ற ஓப்பனிங், 12-வது மூவ் வரை அச்சுப் பிசகவில்லை. நடு ஆட்டத்தில் ஒரு குதிரை கூடுதல். அப்புறம் ராஜாவையும் யானையையும் சேர்த்துத் தாக்கும் ஒரு ஃபோர்க்கைப் பார்க்காமல் யானையைக் கொடுத்திருக்கிறான். அதன் பிறகும் டிரா செய்யக்கூடிய யானை எண்ட்கேம் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டம்) கையில் இருந்தது, அதையும் விட்டான். கடிகாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம்!

இதில் ஓப்பனிங் எங்கே வீக்? அந்த ஆட்டத்தில் அவன் ஒழுங்காக ஆடியதே ஓப்பனிங் மட்டும்தான்.

இந்த ஓப்பனிங் பைத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் விலாவாரியாகவே பேசிவிடுகிறேன். மனப்பாடம் செய்தால் பரீட்சையில் மார்க் வருகிற பழக்கம் நமக்கு. அதையே போர்டுக்கும் கொண்டுவந்துவிடுகிறோம். கணக்கைப் பாருங்கள். முதல் மூவுக்கு வெள்ளைக்கு 20 வழி, கறுப்புக்கு 20 வழி, ஆக 400. இருவரும் தலா 2 மூவ் ஆடி முடிக்கும்போது ஆட்டம் 1,97,281 விதமாகப் போயிருக்கலாம். அதில் பெரும்பாலானவை மோசமான மூவ்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1400, 1500 ரேட்டிங்கில் (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) எதிரே உட்காருகிற பிள்ளை அந்த மோசமான மூவைத்தானே ஆடப்போகிறது! உங்கள் பிள்ளை படித்த புத்தகத்தை அவன் படித்திருக்கவில்லை. ஐந்தாவது மூவிலேயே வழி மாறிவிடுவான். காரணம் தெரியாமல் வரிசையை மட்டும் உருப்போட்டவன் அந்த இடத்தில் திருதிருவென்று முழிப்பான், அல்லது யோசிக்காமல் அடுத்த மூவை ஆடிவிடுவான். முக்கால்வாசிப் பேர் இரண்டாவது ரகம்.

நடுக் கட்டங்களைப் பிடி, குதிரையையும் பிஷப்பையும் வெளியே எடு, காஸ்லிங் செய்து ராஜாவைப் பத்திரப்படுத்து, காரணமில்லாமல் ஒரே காயை இரண்டு தடவை நகர்த்தாதே. ஆரம்ப நிலைக்கு இது போதும். வெள்ளைக்கு ஒரு ஓப்பனிங், கறுப்புக்கு இரண்டு. ஒரு வருஷத்துக்கு அதை மாற்றாதீர்கள்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனாரே, அந்தப் பட்டம் எங்கே முடிவானது? 14-வது, கடைசி கிளாசிக்கல் ஆட்டத்தின் எண்ட்கேமில். இருவரிடமும் ஒரு யானை, ஒரு பிஷப். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நிலை. 55-வது மூவில், அதுவரை சாம்பியனாக இருந்த டிங் லிரன் யானையைத் தவறான இடத்தில் வைத்தார். குகேஷ் யானைகளை மாற்றிவிட்டு, பிஷப்பையும் மாற்றும்படி கட்டாயப்படுத்தினார். மிஞ்சியது ராஜா, சிப்பாய் எண்ட்கேம். 58-வது மூவில் டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். எல்லாக் காயும் மாறினால் யார் ஜெயிப்பார் என்று ஒரு பார்வையில் தெரிகிறதே, உங்கள் பிள்ளை கற்க வேண்டியது அதைத்தான்.

எண்ட்கேமில் நான் கேட்பது கொஞ்சம்தான். ராஜாவும் ராணியும் வைத்து ஸ்டேல்மேட் (செக் இல்லை, ஆனால் எதிராளிக்கு ஆட மூவும் இல்லை; டிரா) ஆக்காமல் மேட் செய்யத் தெரிய வேண்டும். ராஜாவும் யானையும் வைத்து மேட்; சரியாக ஆடினால் எந்த நிலையிலிருந்தும் 16 மூவுக்குள் முடியும், 50 மூவ் விதிக்கு (வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் 50 மூவ் போனால் டிரா கேட்கலாம்) பயப்பட வேண்டாம். ராஜா, சிப்பாய் ஆட்டத்தில் ஆப்பொசிஷன், அதாவது ராஜாவுக்கு எதிரே ராஜாவை நிறுத்தி எதிராளி ராஜாவை வழிவிட வைப்பது. அப்புறம் பிலிடோர் நிலை. எதிராளியிடம் யானையும் சிப்பாயும், நம்மிடம் யானை மட்டும், நம் ராஜா சிப்பாய்க்கு முன்னால் நிற்கிறது. நம் பக்கமிருந்து எண்ணி மூன்றாவது வரிசையில் யானையை வைத்து எதிராளி ராஜாவை மறித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிப்பாய் அந்த வரிசைக்குள் வந்த உடனே யானையைத் தூரமாகக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான், டிரா. 18-ஆம் நூற்றாண்டிலேயே பிலிடோர் எழுதிவைத்தது. அந்தப் பையனுக்கு இது தெரிந்திருந்தால் அரைப் புள்ளி வந்திருக்கும்.

சரி, வீட்டில் என்ன செய்வது?

தோற்ற ஆட்டத்தை அன்றோ மறுநாளோ பிள்ளையே போர்டில் வைத்துப் பார்க்கட்டும். இன்ஜின், அதாவது சரியான மூவைக் கணக்கிட்டுச் சொல்லும் கம்ப்யூட்டர் புரோகிராம், கூடாது. எந்த மூவில் என்ன நினைத்தான், எதிராளியின் எந்த மூவ் அவனைத் திடுக்கிட வைத்தது என்று ஸ்கோர்ஷீட் ஓரத்திலேயே பேனாவால் எழுதட்டும். அதெல்லாம் முடிந்த பிறகு இன்ஜினைத் திறக்கலாம். முதலிலேயே திறந்தால் அது சரியான மூவைச் சொல்லும். நம் பிள்ளை அதை ஏன் பார்க்கவில்லை என்று சொல்லாது. குகேஷின் ஆரம்பகாலப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா பல வருடங்கள் அவரை இன்ஜின் பக்கமே விடவில்லை. உங்கள் வீட்டில் எட்டு வயதுப் பிள்ளை மூவுக்கு மூவ், யார் கை ஓங்கியிருக்கிறது என்று இன்ஜின் காட்டும் இவாலுவேஷன் பட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

டாக்டிக்ஸ், அதாவது காயை வெல்லவோ மேட் செய்யவோ வழி தேடும் புதிர்கள், தினமும் அரை மணி. லிச்செஸ் இணையதளத்தில் இலவசமாகவே கொட்டிக் கிடக்கிறது, ஆயிரக்கணக்கில் கட்டி எந்தப் பேக்கேஜும் வாங்காதீர்கள். ஆனால் தோன்றியதைத் தட்டிப் பார்ப்பது பயிற்சி ஆகாது. கடைசி மூவ் வரை மனதில் பார்த்த பிறகே கை போக வேண்டும். முடியாவிட்டால் போர்டில் அடுக்கி வைத்து, கையைக் கட்டிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு மூவுக்கு முன்பும் எதிராளிக்கு என்ன செக் இருக்கிறது, என்ன வெட்டு இருக்கிறது, என்ன மிரட்டல் இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். சலிப்பாகத்தான் இருக்கும். பார்க்கட்டும்! 90 நிமிஷ ஆட்டத்தைப் பதினைந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு வெளியே ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு நான் எதைச் சொல்லிக்கொடுத்தும் பிரயோஜனமில்லை. ராத்திரி போர்வைக்குள் ஒரு நிமிஷ புல்லட் ஆடுகிற பழக்கம்தான் இந்த அவசரத்துக்குப் பெரிய காரணம். போனை வாங்கி வையுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ரேட்டிங் 40 பாயிண்ட் இறங்கிவிட்டது என்று பதறாதீர்கள். 18 வயதுக்குள், 2300-க்குக் கீழே இருப்பவர்களுக்கு கே மதிப்பு (ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 40. சம ரேட்டிங் உள்ளவரிடம் ஒரு தோல்வி என்றால் 20 பாயிண்ட் போகும். இரண்டு தோற்றால் கணக்கு முடிந்தது. அதே வேகத்தில் ஏறவும் செய்யும். தோற்றுவிட்டு ஹாலை விட்டு வெளியே வருகிற பிள்ளையிடம் அங்கேயே நின்று "ஏன்டா அந்த மூவ ஆடின?" என்று கேட்காதீர்கள். அடுத்த ரவுண்டுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கும். முதலில் சாப்பிட ஏதாவது கொடுங்கள், அழுதால் அழட்டும். ஸ்கோர்ஷீட்டை மட்டும் பத்திரமாக மடித்துப் பையில் வையுங்கள். அடுத்த வகுப்புக்கு அது வந்தாக வேண்டும்.