உயரம் மட்டும் ஏன் இன்னும் அடியிலேயே இருக்கிறது?

ஒருவர் 175 செ.மீ. உயரம் என்றால் பலருக்கு மனதில் எந்த உருவமும் வருவதில்லை, ஐந்தே முக்கால் அடி என்றதும் ஆள் எதிரே வந்து நின்றுவிடுகிறார். பள்ளியில் மீட்டரை மட்டுமே படித்தவர்களில்கூட இப்படிப்பட்டவர்கள் உண்டு. பழக்கதோஷம் என்று தள்ளிவிடலாம், அது பாதி உண்மைதான். மீதிப் பாதி அலகின் அளவில் இருக்கிறது.

மெட்ரிக் அளவு முறையில் மில்லிமீட்டர், சென்டிமீட்டர், அப்புறம் ஒரே தாவலில் மீட்டர். நடுவில் டெசிமீட்டர் என்று 10 செ.மீ.க்கு ஒரு பெயர் இருக்கிறது, பாவம், அதைப் பேச்சில் யாரும் தொடுவதே இல்லை. ஆனால் கதவு, மேசை, மனிதர் என்று நாம் கண்ணாலேயே அளந்து பார்ப்பவற்றுக்குச் சென்டிமீட்டர் ரொம்பச் சின்னது, மீட்டர் ரொம்பப் பெரியது. 30.48 செ.மீ. உள்ள அடி அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, எண்ணும் பத்துக்குள் அடங்கிவிடுகிறது.

அடுத்தது பங்கு போடுவது. ஓர் அடிக்கு 12 அங்குலம், அதை 2, 3, 4, 6 எதனால் வகுத்தாலும் மிச்சம் விழாது. மீட்டரை மூன்றாக்கினால் 33.333 என்று முடிவில்லாமல் போகும். அங்குலத்துக்குள்ளே எல்லாமே பாதி, பாதியில் பாதிதான். அளவுகோலில் இருக்கும் அந்தக் கோடுகளுக்கு அரை, கால், அரைக்கால், வீசம் என்று தமிழிலேயே பெயர் தயாராக இருக்கிறது. ஒரு நாடாவை மடித்து மடித்தே வீசம் வரை போய்விடலாம், பத்தில் ஒன்றை அப்படி மடிக்க முடியாது.

ஃபாரன்ஹீட்டுக்கும் ஒரு வசதி உண்டு: ஒரு செல்சியஸ் டிகிரிக்குள் 1.8 ஃபாரன்ஹீட் டிகிரி இருப்பதால் புள்ளி வைக்காமலே கொஞ்சம் நுணுக்கமாகச் சொல்லலாம். ஆனால் இயல்பான உடல் சூடு என்று சொல்லப்படும் 98.6 என்ற புகழ்பெற்ற எண்ணில் அந்த .6 வெறும் தோற்றம்தான். 1868இல் ஜெர்மன் மருத்துவர் வுண்டர்லிக் சொன்ன 37 டிகிரி செல்சியஸை அப்படியே மாற்றியதில் வந்து ஒட்டிக்கொண்டது அது.

சரி, இந்த வசதியெல்லாம் ஒரே அலகுக்குள் இருக்கும்வரைதான். ஒரு கன மீட்டர் தொட்டியில் 1,000 லிட்டர் தண்ணீர், எடை ஏறத்தாழ 1,000 கிலோ, மனக்கணக்கு முடிந்தது. கன அடித் தொட்டி என்றால் முதலில் எந்த நாட்டு கேலன் என்று கேட்க வேண்டும், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்க கேலன் 3.785. 1999இல் நாசாவின் செவ்வாய்க் கலம் தொலைந்ததும் இப்படித்தான்: ஒரு மென்பொருள் பவுண்டில் கொடுத்த உந்துவிசைக் கணக்கை இன்னொன்று மெட்ரிக் விசை அலகான நியூட்டன் என்று எடுத்துக்கொள்ள, எண்கள் 4.45 மடங்கு பிசகின.

அதனால் உயரத்துக்கு அடி, தண்ணீருக்கு லிட்டர் என்றுதான் நான் வைத்திருக்கிறேன். இதில் வேடிக்கை, அமெரிக்காவும் பிரிட்டனும் வேறு சில நாடுகளும் 1959இல் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்குலம் என்றாலே துல்லியமாக 25.4 மில்லிமீட்டர், அதற்கென்று மெட்ரிக்கைச் சாராத தனி வரையறை எதுவும் கிடையாது.