குடுவைச் செடிக்கு உரம் வைக்காதீர்கள், போர் தண்ணீரும் ஊற்றாதீர்கள்

"கொசு பிடிக்குமா சார்?" புதுச்சேரியில் நான் நடத்தும் நர்சரிக்குக் குடுவை போன்ற இலைகளில் பூச்சி பிடிக்கும் குடுவைச் செடி தேடி வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பிடிக்காது. விளிம்பில் சுரக்கும் தேனுக்கு ஆசைப்பட்டு ஏறி, வழுக்கி உள்ளே விழுவது பெரும்பாலும் எறும்புதான். சிலவகைக் கொசுக்கள் அந்தக் குடுவைத் தண்ணீரிலேயே முட்டையிட்டு வளரும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் லாஸ்பேட்டையிலிருந்து ஒரு அம்மா, இலையெல்லாம் நுனி கருகிய நெப்பந்தஸ் என்ற குடுவைச் செடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தினமும் தண்ணி ஊத்துறேன், மண்புழு உரம்கூட வச்சேன்." அங்கேதான் கெட்டது. சத்தில்லாத மண்ணில் பிழைக்கப் பழகிய செடி இது, தழைச்சத்துக்காகத்தான் பூச்சியே பிடிக்கிறது; அதன் வேருக்கு எருவும் ஆகாது, உப்பும் ஆகாது. தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 50 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு 50 மில்லிகிராம்) இருந்தால் நல்லது, நம் கடலோரத் தெருக்களின் போர் தண்ணீரிலோ அது ஆயிரத்தைத் தாண்டுவதை என் மீட்டரிலேயே பார்த்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் மொட்டைமாடியில் டிரம் வைத்து மழைநீரைப் பிடித்துவிடுங்கள். ஆர்.ஓ. தண்ணீரும் சரிதான், ஆனால் அதன் கழிவுக்குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம், பிரித்தெடுத்த உப்பு முழுக்க அதில்தான் போகிறது.

தொட்டியில் தோட்டமண் கூடாது. ஸ்பேக்னம் பாசியும் பெர்லைட் என்ற வெள்ளை எரிமலைக்கல் பொரியும் போதும். விலை கட்டாது என்றால் கோகோபீட் என்ற தேங்காய் நார்த்தூள், அதையும் உப்புப் போக நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசியபிறகு.

சரி, எந்தச் செடி? சர்ராசீனியா என்ற இன்னொரு குடுவைச் செடி வேண்டாம், அதற்குக் குளிர்கால உறக்கம் தேவை, நம் மார்கழி அதற்குப் போதாது. மலைக்குளிரில் வளரும் நெப்பந்தஸ் வகைகளும் நம் வெக்கையில் நிற்காது. நெப்பந்தஸில் வென்ட்ராட்டா, மிராபிலிஸ், ஆம்புல்லேரியா நிற்கும். மேகாலயாவின் நெப்பந்தஸ் வகையான காசியானா அழிவின் விளிம்பில் இருப்பது, காட்டில் பிடுங்கியதை யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

கோழித்துண்டு போடும் ஆசையும் வேண்டாம், குடுவை அழுகி நாறும். வாங்கிவந்த குடுவைகள் காய்ந்துபோனால் பயப்படாதீர்கள், புது இலை வருகிறதா என்று பாருங்கள். வந்தும் நுனியில் குடுவை கட்டவில்லையா, பெரும்பாலும் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். காலை வெயில் படுகிற இடத்துக்கு மாற்றுங்கள், கத்திரி வெயிலில் மட்டும் பச்சை வலைக்குள்.