பொறாமை, அழுக்காறு, அவ்வியம், புலவி: எது எதற்கு?

பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கியதைப் பார்த்து மனம் குமைந்தால் அதைப் பொறாமை என்கிறோம். கணவன் வேறொருத்தியோடு சிரித்துப் பேசும்போது மனைவிக்கு வரும் கொதிப்பையும் பொறாமை என்றே சொல்கிறோம். இரண்டும் ஒரே உணர்வு அல்ல. தமிழில் தனித்தனிச் சொற்கள் இருந்தும் நாம் ஒன்றையே எல்லாவற்றுக்கும் போட்டுத் தேய்க்கிறோம்.

பொறாமை, 'பொறு' என்ற வினையின் எதிர்மறை. பொறுக்க முடியாமை என்பதுதான் நேர்ப்பொருள். எதைப் பொறுக்க முடியவில்லை என்பது சொல்லுக்குள் இல்லை. 'பிறர் ஆக்கம் பொறாமை' என்று பழைய உரைகளில் முழுசாக வரும். பின்னால் 'பிறர் ஆக்கம்' உதிர்ந்துபோய், மிஞ்சிய சொல்லே மொத்தப் பொருளையும் தாங்கி நிற்கிறது.

வள்ளுவர் இதற்கு ஆளும் சொல் அழுக்காறு. அழுக்கு + ஆறு, அதாவது அழுக்கான வழி என்று பிரிப்பவர்கள் உண்டு. ஆனால் 'அழுக்கறுப்பான்' என்று வினையாகவும் குறளில் வருகிறது. அழுக்கறு என்ற அந்த வினையிலிருந்து பெயர் பிறந்தது என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. இன்றைய காதுக்கு அது அழுக்கை நீக்குவது போலக் கேட்கும், பொருளோ பொறாமைப்படுதல்.

அதிகார வரிசையும் கவனிக்க வேண்டியது. 16 பொறையுடைமை, 17 அழுக்காறாமை, 18 வெஃகாமை. வெஃகுதல் என்றால் பிறர் பொருளைத் தனக்கென விரும்புதல். அழுக்காற்றுக்கு அந்த விருப்பம்கூடத் தேவையில்லை. அவனிடம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 166ஆம் குறளைப் பாருங்கள்: 'கொடுப்பது அழுக்கறுப்பான்'. ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கிறார். இவன் கையிலிருந்து ஒரு காசும் போகவில்லை, ஆனாலும் பொறுக்கவில்லை. அழுக்காற்றின் முழு இயல்பும் இந்த இரண்டு சொல்லில் இருக்கிறது.

அவ்வியம் இன்னொரு நிறம். 169ஆம் குறள் 'அவ்விய நெஞ்சத்தான்' என்பவனைச் 'செவ்வியான்' என்பவனுக்கு எதிரே நிறுத்துகிறது. செம்மைக்கு எதிர் கோணல். அதனால் பொறாமையால் கோணிப்போன மனம் என்று இதை விளங்கிக்கொள்ளலாம். ஆத்திசூடியில் 'ஔவியம் பேசேல்' என்று சின்ன வயதில் படித்தோமே, அந்த ஔவியமும் இதுதான்.

இனி, காதலுக்குள் வரும் பொறாமை. இதை அழுக்காறு என்று சொல்லவே முடியாது. இங்கே பிறர் செல்வம் கண்ணை உறுத்தவில்லை. தன்னுடையது கைவிட்டுப் போகுமோ என்ற பயம்தான் உறுத்துகிறது. அதிலிருந்து பிறக்கும் கோபத்துக்குப் புலவி, ஊடல் என்று பெயர், முற்றிப்போனால் துனி. 1317ஆம் குறளில் அவன் தும்முகிறான். வாழ்த்தியவள் உடனே மனம் மாறி, 'யாரை நினைத்துத் தும்மினீர்?' என்று அழுகிறாள். சரி, அடுத்த தும்மலை அடக்கிப் பார்ப்போம் என்றால், 1318இல் 'உங்களவர் நினைப்பதை எனக்கு மறைக்கிறீரா?' என்று அதற்கும் அழுகிறாள்! அழுக்காறு பாவி என்று கடிந்த அதே வள்ளுவர், ஊடலை இன்பம் என்கிறார்.

வடமொழியிலிருந்து வந்தவை அசூயையும் மாற்சரியமும். அழுக்காறு இருக்கும்போது இவை இல்லாமலே எழுதலாம். எழுதுகிறவர்கள், அசூயை என்றால் பொறாமை, அசூசை என்றால் அசுத்தம், அருவருப்பு என்பதையாவது பிரித்து எழுதட்டும். 'சாக்கடையைப் பார்த்து அசூயை அடைந்தான்' என்று எழுதினால் அவன் சாக்கடைமேல் பொறாமைப்பட்டான் என்றாகிவிடும்.

பேச்சில் வயிற்றெரிச்சல் இருக்கிறது, அப்புறம் காய்மகாரம். வயிற்றெரிச்சலை மட்டும் இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். 'அவளுக்கு ஒரே வயிற்றெரிச்சல்' என்றால் பொறாமை. 'ஏழையின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாதே' என்றால், அநியாயத்துக்கு ஆளானவரின் வேதனை.