மருந்து ஏறும் வேகம், இறங்கும் வேகம்: மார்பகக் கட்டியை எம்.ஆர்.ஐ எப்படி எடைபோடுகிறது?

கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றாமல் எடுத்த எம்.ஆர்.ஐ படத்தில் மார்பகப் புற்றுநோயும் பக்கத்திலுள்ள சுரப்பித் திசுவும் பெரும்பாலும் ஒரே சாம்பல் நிறமாகவே தெரியும். கடோலினியம் என்ற உலோகம் கலந்த அந்த மருந்து ரத்தத்தில் கலந்த பிறகுதான் இரண்டும் பிரியத் தொடங்குகின்றன.

காரணம் ரத்தக் குழாய்களில் இருக்கிறது. சில மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமானால் புற்றுநோய்க்குத் தனி ரத்த ஓட்டம் தேவை. அதற்காக அது வேதிப்பொருள்களைச் சுரந்து புதுக் குழாய்களை முளைக்க வைக்கிறது. அவசரமாக முளைத்த இவற்றின் சுவர்களில் கசிவு அதிகம். மருந்து சட்டென்று திசுவுக்குள் பாயும். பல நேரங்களில் அதே வேகத்தில் ரத்தத்துக்கே திரும்பிவிடும். கடோலினியம் சேர்ந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியும்.

பரிசோதனைக்குக் குப்புறப் படுக்க வேண்டும். மார்பகங்கள் காயில் எனப்படும், சமிக்ஞைகளைப் பிடிக்கும் கருவியின் இரு குழிகளுக்குள் தொங்கும். மருந்துக்கு முன் ஒரு படம். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிமோல் மருந்து ஏறியதும், ஓரிரு நிமிடத்துக்கு ஒன்றாக அடுத்தடுத்துப் படங்கள். பிந்தைய படத்திலிருந்து முந்தையதைக் கணினி கழித்துவிட்டால் கொழுப்பு மறைந்து, மருந்து சேர்ந்த இடம் மட்டும் மிஞ்சும். நடுவில் கொஞ்சம் அசைந்தாலும் இந்தக் கழித்தல் கெட்டுப்போகும்.

பிறகு கட்டியின் பிரகாசத்தை நேரத்தோடு சேர்த்து வரைபடமாக்குவார்கள். முதல் இரண்டு நிமிடங்களுக்குப் பிறகு கோடு ஏறிக்கொண்டே போகலாம், சமமாக நிற்கலாம், இறங்கலாம். ஜெர்மன் கதிரியல் மருத்துவர் கிறிஸ்டியானே கூல் குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் 266 கட்டிகளை இப்படிப் பார்த்தார்கள். புற்றுநோய்களில் 57 சதவீதம் இறங்கு கோட்டைக் காட்டின; சாதாரணக் கட்டிகளில் அப்படி இறங்கியவை 5.5 சதவீதம்தான். ஆனால் புற்றுநோய்களிலும் சுமார் 9 சதவீதத்துக்குக் கோடு ஏறிக்கொண்டே போனது. நினைவில் நிறுத்த வேண்டிய எண் இதுதான் என்பேன். கோடு நல்லதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எந்தக் கட்டியையும் விட்டுவிட முடியாது.

அதனால்தான் கதிரியல் மருத்துவர் வடிவத்தையும் பார்க்கிறார். முள்முள்ளாக நீளும் விளிம்பும், ஓரத்தில் மட்டும் வளையமாக ஒளிர்வதும் கவலைக்குரியவை. வழவழப்பான விளிம்புக்குள் ஒளிராத கருங்கோடுகள் ஓடினால் ஃபைப்ரோஅடினோமா என்ற, புற்றுநோயல்லாத சாதாரணக் கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். மார்பகத்துக்குள் இருக்கும் நிணநீர்க் கணு இதற்கு நேரெதிர்: கோடு புற்றுநோயைப் போலவே இறங்கும், அவரை விதை வடிவமும் நடுவிலுள்ள கொழுப்பும்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

மாதவிடாய்ச் சுழற்சியும் குழப்பும். ஹார்மோன் மாற்றத்தால் சாதாரணத் திசுவே ஒளிரக்கூடும் என்பதால், அவசரமில்லாதபோது சுழற்சியின் இரண்டாவது வாரத்தில் படம் எடுப்பார்கள். இத்தனைக்கும் பிறகு சந்தேகம் நீடித்தால், ஊசியால் திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தே முடிவு சொல்வார்கள்.