நில எடுப்புப் பணத்துக்கு வரி உண்டா? தீர்வத்தின் முதல் பக்கத்தைப் பாருங்கள்

பெருங்குடி, சின்ன உடைப்பு பக்கம் விமான நிலைய விரிவாக்கம், ஊருக்குள் கோரிப்பாளையம் மேம்பாலம், வெளியே சுற்றுச்சாலை என்று மதுரையில் அடுத்தடுத்து நிலம் எடுக்கிறார்கள். பணம் கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது “இதில் வரி எவ்வளவு போகும்?” என்பதைத்தான். அதற்குப் பதில் தொகையில் இல்லை. எந்தச் சட்டத்தின் கீழ் எடுத்தார்கள் என்பதில் இருக்கிறது. அவார்டு என்று எல்லோரும் சொல்லும் தீர்வ ஆணையின் முதல் பக்கத்திலேயே அது எழுதியிருக்கும். வாங்கிப் படிப்பவர்கள்தான் குறைவு.

1-1-2014 முதல் நடைமுறையில் உள்ள 2013-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கீழ் தீர்வம் என்றால் கவலை குறைவு. அதன் 96-வது பிரிவு, தீர்வத்தாலோ ஒப்பந்தத்தாலோ கிடைக்கும் தொகைக்கு வருமான வரியும் முத்திரைத் தீர்வையும் இல்லை என்கிறது. தனியார் நிறுவனங்கள் நேரடியாகப் பேசி வாங்கும் 46-வது பிரிவுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. மத்திய நேரடி வரிகள் வாரியமும் 25-10-2016 தேதியிட்ட 36/2016 சுற்றறிக்கையில் இதை ஒப்புக்கொண்டது. வீட்டு மனை, கடை, தரிசு என எந்த நிலமானாலும் இது பொருந்தும். விவசாய நிலத்துக்கு மட்டும் என்று நினைத்து வரி கட்டியவர்கள் நிறையப் பேர்.

சிக்கல் மற்ற சட்டங்களில் வருகிறது. நான்கு வழிச்சாலைக்கு 1956 தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், மாநிலச் சாலைக்கு 2001 தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், சிப்காட் போன்றவற்றுக்கு 1997 தொழில் நோக்கங்களுக்கான சட்டம். இவற்றிலும் இழப்பீட்டுக் கணக்கு 2013 சட்டத்தின் முதல் அட்டவணைப்படிதான். ஆனால் 96-வது பிரிவின் விலக்கும் சேர்ந்து வருமா என்பதில்தான் தகராறு. நில எடுப்பு அலுவலகங்கள் இந்த இடத்தில் பாதுகாப்பாக டிடிஎஸ் (பணம் தரும்போதே கழித்துக்கொள்ளும் வருமான வரி) பிடித்துவிடுகின்றன.

பிடித்தம் 194எல்ஏ பிரிவின்படி 10 சதவீதம், பான் இல்லாவிட்டால் 20. ஓராண்டில் 5 லட்சத்தைத் தாண்டினால் பிடிப்பார்கள் (1-4-2025-க்கு முன் இந்த வரம்பு 2.5 லட்சம்). 96-வது பிரிவின் கீழ் விலக்குள்ள தொகைக்குப் பிடிக்கக் கூடாது என்று 194எல்ஏ பிரிவிலேயே இருக்கிறது. விவசாய நிலத்துக்கும் பிடித்தம் கிடையாது. எனவே பணம் வரும் முன்பே நில எடுப்பு அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுத்து, முத்திரையிட்ட நகலை வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் பிடித்துவிட்டால், அந்த ஆண்டுக்கான வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து திரும்பக் கேட்பது ஒன்றே வழி. “வரி விதிக்கிற வருமானமே இல்லையே, கணக்கு எதற்கு?” என்று விட்டால் பிடித்த பணம் அங்கேயே நிற்கும். (இங்கே சொல்லும் வருமான வரிப் பிரிவு எண்கள் 1961 சட்டத்தின்படி. 1-4-2026 முதல் புதிய சட்டத்தில் எண்கள் மாறுகின்றன.)

கூட்டுச் சொத்தில் இதைவிடப் பெரிய தொல்லை. பட்டாவில் பெயர் மூத்த அண்ணனுக்கு மட்டும், பங்கு நான்கு பேருக்கு என்றால், முழுப் பிடித்தமும் அண்ணனின் பான் எண்ணில் ஏறிவிடும். தம்பி தங்கைகள் தங்கள் கணக்கில் கேட்டால் 26ஏஎஸ் படிவத்தில் (அவரவர் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் பட்டியல்) எதுவும் இருக்காது. தீர்வத்துக்கு முன்பே வாரிசுச் சான்றும் பங்கு விவரமும் கொடுத்து, ஒவ்வொருவர் பங்கையும் பான் எண்ணோடு தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

96 பொருந்தாது என்றே வைத்துக்கொண்டாலும் விவசாய நிலத்துக்கு இரண்டு காப்புகள் உண்டு. ஊரக விவசாய நிலம் மூலதனச் சொத்தே அல்ல, அதனால் மூலதன ஆதாய வரியும் இல்லை. ஊரக நிலம் என்றால் மதுரை மாநகராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டுத் தூரம் 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் போன்ற நகராட்சிகளிலிருந்து 2 கிலோமீட்டர். பேருந்து போகும் தூரத்தை அளந்து ஏமாறாதீர்கள். இந்த எல்லைக்குள் இருந்தால் 10(37) பிரிவு கைகொடுக்கும்: எடுப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் நீங்களோ உங்கள் பெற்றோரோ பயிர் செய்திருக்க வேண்டும்.

அதற்கு அத்தாட்சி அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கு. கண்மாயில் தண்ணீர் இல்லாமல் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த நிலத்தை கிராம நிர்வாக அலுவலர் ‘தரிசு’ என்று பதிந்திருந்தால், பின்னால் எத்தனை பேர் சாட்சி சொன்னாலும் எடுபடுவது கஷ்டம். நில எடுப்புப் பேச்சு காதில் விழுந்த அன்றே பழைய அடங்கல் நகல்களை எடுத்து வையுங்கள்.

தொகை எப்படி வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். முதல் அறிவிப்புக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் அதே பகுதியில் பதிவான பத்திரங்களில், விலை கூடிய பாதியின் சராசரி மறுபக்கம். இரண்டில் எது அதிகமோ அது சந்தை மதிப்பு. சென்ட் 20,000 வீதம் 40 சென்டுக்கு 8 லட்சம். ஊரகத்துக்கான பெருக்கல் காரணி 1.25 என்றால் 10 லட்சம். கிணறு, தென்னை, கட்டடம் 2 லட்சம் என்றால் மொத்தம் 12 லட்சம். கட்டாயமாக எடுப்பதற்காகத் தரும் ஆறுதல் தொகை அதே அளவு சேர்ந்து 24 லட்சம். இதற்கு மேல் சந்தை மதிப்பின் மீது ஆண்டுக்கு 12 சதவீதக் கூடுதல். முத்திரைக் கட்டணம் மிச்சம் என்று ஊரே பத்திரத்தில் விலையைக் குறைத்துப் போட்டு வந்ததன் விலை இங்கேதான் தெரியும்: உண்மையில் 60,000-க்குக் கைமாறிய சென்ட், ஏட்டில் 20,000-ஆக நிற்கும்.

தொகை போதாது என்றால், வாங்கும்போது “ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்” என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அப்படி எழுதாமல் பணத்தை வாங்கியவருக்கு 2013 சட்டத்தின் 64-வது பிரிவின் கீழ் கூடுதல் கேட்கும் உரிமை இல்லை. தீர்வம் சொன்னபோது நீங்கள் அங்கிருந்தால் கெடு ஆறு வாரம். இல்லையென்றால் அறிவிப்பு கிடைத்ததிலிருந்து ஆறு வாரம் அல்லது தீர்வத்திலிருந்து ஆறு மாதம், எது முந்துகிறதோ அது.

பல ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் கூடுதல் தொகை வந்தால் அதில் வட்டியைத் தனியாகப் பிரித்து வாங்குங்கள். முதல் ஆண்டுக்கு 9, பிறகு 15 சதவீதம் என்பதால் அசலை நெருங்கிவிடும். இந்த வட்டியை வருமான வரித் துறை தனி வருமானமாகவே பார்க்கிறது: எத்தனை ஆண்டு வட்டியானாலும் கைக்கு வந்த ஆண்டிலேயே கணக்கு, பாதித் தொகைக்குக் கழிவு. மொத்தமாக ஒரே எண்ணாகக் காட்டிய தீர்ப்பு நகலை வைத்துக்கொண்டு பிரித்துக் காட்ட முடியாமல் திணறுவது வழக்கம்.

கடைசியாக வீட்டு வரி. மேம்பாலத்துக்கு முன்பக்கம் எட்டடி இடித்துக்கொண்டு போனால் வரி தானாகக் குறையாது. மனு கொடுக்கும் வரை அரையாண்டுதோறும் பழைய பரப்பளவுக்கே கேட்பு வரும். தீர்வ நகல், சுவாதீனம் எடுத்த தேதி, மீதிக் கட்டடத்தின் வரைபடம் மூன்றையும் இணைத்து மாநகராட்சி வருவாய்ப் பிரிவில் மறுஅளவீடு கேளுங்கள். ஊராட்சியிலும் அதேதான். நிலத்துக்கு உட்பிரிவு செய்து மீதிக்குப் புதுப் பட்டா வாங்குங்கள். இல்லாவிட்டால் பாலத்துக்கு அடியில் போன சென்டுக்கும் உங்கள் பெயரிலேயே தீர்வை நிற்கும், மீதியை விற்கப் போகும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரமும் நிற்கும்.