பிரிண்ட் ஷார்ப்பாக இல்லையா? முதலில் கிரெயினைப் பாருங்கள்

கறுப்பு வெள்ளைப் பிரிண்ட் மங்கலாக வந்ததும் பலரும் என்லார்ஜருக்கு (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவி) புது லென்ஸ் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்குமுன் அந்தப் பிரிண்டின் நடுவையும் நான்கு மூலைகளையும் லூப் (சிறு உருப்பெருக்கி) வைத்துப் பாருங்கள். கிரெயின், அதாவது பிலிமின் வெள்ளித் துகள்களால் தெரியும் பொடிப்புள்ளிகள், துல்லியமாக இருந்து படம் மட்டும் கலங்கியிருந்தால், தவறு கேமராவில் நடந்தது. கை ஆடியிருக்கும், அல்லது ஃபோகஸ் தவறியிருக்கும். டார்க்ரூமில் அதற்கு மருந்து கிடையாது. கிரெயினே கலங்கியிருந்தால்தான் என்லார்ஜரைச் சந்தேகிக்க வேண்டும்.

எந்த இடத்தில் கலங்கியிருக்கிறது என்பதும் துப்புதான். ஒரு ஓரம் தெளிவு, எதிர் ஓரம் மங்கல் என்றால் நெகட்டிவ், லென்ஸ், ஈசல் (பேப்பரைப் பிடிக்கும் பலகை) மூன்றும் இணையாக இல்லை. முழுக்கக் கறுத்த பிலிம் துண்டில் ஊசியால் நடுவிலும் மூலைகளிலும் கோடு கீறி, லென்ஸை முழுசாகத் திறந்து ஈசலில் விழவையுங்கள். விழும் சட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களை ஸ்கேலால் அளந்து, நீளம் ஒத்துப்போகும்வரை என்லார்ஜர் தலையின் சாய்வைச் சரிசெய்யுங்கள். அதன் பிறகுதான் லென்ஸைத் தாங்கும் லென்ஸ் போர்டில் கைவைக்க வேண்டும். ஒரே ஃபோகஸில் நான்கு மூலைக் கீறலும் தெளிந்தால் வேலை முடிந்தது.

நடுவும் மூலைகளும் ஒத்துப்போகவில்லை என்றால் பெரும்பாலும் நெகட்டிவ் உப்பியிருக்கும். விளக்கின் சூட்டில் பிலிம் வளையும். ஃபோகஸ் செய்து, விளக்கை அணைத்துப் பேப்பர் எடுப்பதற்குள் ஆறிப் பழைய நிலைக்குத் திரும்பும். நீங்கள் ஃபோகஸ் செய்தது ஒரு வடிவம், பேப்பரில் பதிவது இன்னொன்று. பிலிமை இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிடிக்கும் கண்ணாடி கேரியர் இதைத் தடுக்கும், ஆனால் தூசி உட்கார இரண்டு பரப்புக்குப் பதில் ஆறு பரப்பு கிடைத்துவிடும். மேல் கண்ணாடி நியூட்டன் வளையம் (வழவழப்பான பரப்புகள் ஒட்டும்போது தோன்றும் வளைய வடிவக் கறை) விழாத வகையாக இருக்கட்டும், ஏனென்றால் பிலிமின் வழவழப்பான பக்கம் அதில்தான் ஒட்டும்.

ஃபோகஸை வெறுங்கண்ணால் முடிவு செய்யாதீர்கள். ஈசலில் கிரெயின் ஃபோகஸர் (கிரெயினைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) வைத்து, லென்ஸைத் திறந்து கிரெயினைப் பிடித்து, பிரிண்ட் போடும் அபர்ச்சருக்கு (லென்ஸ் திறப்பின் அளவு) மூடிய பிறகு இன்னொரு முறை பாருங்கள். சில லென்ஸ்களில் மூடும்போது ஃபோகஸ் நகரும். முழுத் திறப்பிலிருந்து இரண்டு மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் மூடினால் வெளிச்சம் பாதியாகும்) மூடினால் போதும், எஃப் 2.8 லென்ஸுக்கு 5.6 அல்லது 8. எஃப் 16-க்கு மூடினால், சின்னத் துளையில் ஒளி சிதறும் டிஃப்ராக்‌ஷனால் கூர்மை குறையும். ஃபோகஸருக்கு அடியில் பிரிண்ட் பேப்பரின் அதே தடிமனில் ஒரு பேப்பர் வைக்க வேண்டுமா என்ற சண்டை ஓயாதது. எஃப் 8-இல் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

கிரெயின் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அதிர்வு. பேப்பரை வைத்த பின் 10 விநாடி அசையாமல் நின்று, பிறகு டைமரை அழுத்துங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் படம் சொதசொதவென்று தெரிந்தால், குறைவது கான்ட்ராஸ்ட். வெளிச்ச நேரத்தை வெள்ளைப் பகுதியின் நுணுக்கத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கறுப்பைக் கான்ட்ராஸ்ட் ஃபில்டர் மாற்றிச் சரிசெய்யுங்கள். டெஸ்ட் ஸ்ட்ரிப்புக்கு (வெவ்வேறு நேரம் வெளிச்சம் காட்டிப் பார்க்கும் பேப்பர் துண்டு) 5, 7, 10, 14, 20 விநாடி என்று வைத்தால் ஒவ்வொரு படியும் அரை ஸ்டாப். படம் வேகமாகக் கறுக்கிறதே என்று டெவலப்பரிலிருந்து பாதியில் உருவுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு. ஆர்.சி. (பிளாஸ்டிக் பூசிய) பேப்பர் 20 டிகிரியில் ஒரு நிமிடமாவது கிடக்கட்டும், பிளாஸ்டிக் பூசாத ஃபைபர் பேப்பர் 2 முதல் 3 நிமிடம். அதற்குள் கறுத்துவிட்டால் என்லார்ஜரில் நேரத்தைக் குறையுங்கள்.

டார்க்ரூமில் எரியவிடும் மங்கலான விளக்கான சேஃப்லைட்டும் வெள்ளையைக் கெடுக்கும். வெறும் பேப்பரில் காசு வைத்துச் சோதிப்பது போதாது. என்லார்ஜரில் லேசான சாம்பல் வருமளவு வெளிச்சம் கொடுத்து, அதன் மேல் காசு வைத்து, சேஃப்லைட்டில் 7 நிமிடம் விட்டு டெவலப் செய்யுங்கள். காசின் வட்டம் வெளிறித் தெரிந்தால் விளக்கு பாதுகாப்பானதல்ல.

ஃபைபர் பேப்பர் காய்ந்ததும் கொஞ்சம் இருளும். டெஸ்ட் ஸ்ட்ரிப்பை ஹேர் டிரையரில் முழுக்கக் காயவைத்துப் பார்த்தே நேரத்தை முடிவு செய்யுங்கள். ஈரத்தில் சரியாகத் தெரிந்த நேரத்தில் பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம் குறைக்க வேண்டிவரும்.